விவேகம்: வாக்கியத்தில் அமைத்து எழுதுக

'கீழ்க்காணும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்ற வினாவுக்குத் தமிழாசிரியர்களாகிய நாம் தாராளமாகவே மதிப்பெண் போடுகிறோம். எழுத்துப்பிழை இல்லாமல், எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போனால் முழு மதிப்பெண். பல சொற்களுக்கு அது போதும். விவேகம் என்ற சொல்லுக்குப் போதாது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கரும்பலகையில் இந்தச் சொல்லை எழுதியதும் வகுப்பிலிருந்து வரும் முதல் வாக்கியம் 'வேகம் விவேகமல்ல.' சாலையோரப் பலகையில் படித்தது. அடுத்து வருவது, நோட்ஸில் மனப்பாடம் செய்த 'நாம் விவேகத்துடன் வாழ வேண்டும்.' பிழை ஒன்றும் இல்லைதான். ஆனால் இதில் விவேகத்தை எடுத்துவிட்டு ஒற்றுமை, நேர்மை, மகிழ்ச்சி என்று எதைப் போட்டாலும் வாக்கியம் ஆடாமல் நிற்கிறது. எந்தச் சொல்லுக்கும் இடம் கொடுக்கும் வாக்கியத்தை வைத்து, பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும் என்று எப்படி முடிவு செய்வது?

ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதுதான் விவேகம். ஆகவே வாக்கியத்துக்குள் இரண்டு வழிகள் தென்பட வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை எடுத்ததற்குக் காரணமும் இருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்' என்று விட்டுவிடுகிறேன்.

ஒரு மாணவி 'என் தாத்தா விவேகமானவர்' என்று எழுதி அடித்துவிட்டு, அதன் கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றாலும், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்வரை நாற்று விடாமல் இருந்தது தாத்தாவின் விவேகம்.' மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து கல்லணைக் கால்வாய் வழியாக அதன் கடைக்கோடி வயல்களான கடைமடையைத் தொட நாள் பிடிக்கும். முறை வைத்துத் திறந்தால் இன்னும் தள்ளிப்போகும். அந்தக் கணக்கு முழுவதும் அவளுடைய வாக்கியத்துக்குள் இருந்தது.

உடனே பின்வரிசைப் பையன் எழுந்தான். "ஐயா, எங்கள் சித்தப்பா தண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை. மழை ஈரத்திலேயே நேரடியாக விதைத்துவிட்டார். அதுவும் விவேகம்தானே?" வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. சித்தப்பா நிலம் மேடு, பம்புசெட்டும் உண்டு என்று ஒருவன் சொன்னான். தாத்தாவின் வயல் பள்ளம், விதைத்த பிறகு மழை கொட்டினால் விதை அழுகிவிடும் என்றாள் அந்தப் பெண். ஒரு நிலத்தில் விவேகமானது அடுத்த நிலத்தில் அவசரமாகிவிடும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். எந்த உரைநூலும் தராத விளக்கம் இது.

சாமர்த்தியத்தையும் விவேகத்தையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதுண்டு. அதற்கும் நெல்லே துணை. ஈரநெல்லை மூட்டையின் அடியில் போட்டு மேலே காய்ந்த நெல்லைப் பரப்புவது சாமர்த்தியம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்து, களத்தில் இன்னொரு நாள் காயவைப்பது விவேகம்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. விளைவை வைத்து விவேகத்தை அளக்கும் பழக்கம். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அந்த இழப்பிலிருந்து மீளாத ஒரு வீட்டுப் பையன் எழுதியிருந்தான்: 'நெல்லை விட்டுத் தென்னை வைத்தது எங்கள் அப்பாவின் விவேகமற்ற செயல்.' பெரியவர்கள் யாரோ வீட்டில் சொல்லிக் காட்டிய பேச்சு அது. அவனை உட்காரவைத்துக் கேட்டேன். கன்று நட்டபோது ஆற்றுத் தண்ணீர் நிச்சயமாக வந்ததா? நடவுக்கு ஆள் கிடைத்ததா? இல்லை என்றான். தேங்காய் ஆண்டு முழுவதும் வருமானம் தரும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனையையும் சீர்தூக்கிப் பார்த்தவரை, பல ஆண்டுகள் கழித்து வந்த புயலைக் காரணம் காட்டி விவேகமற்றவர் என்று சொல்வது தவறு. அன்று தெரிந்ததை வைத்து அன்று எடுத்த முடிவைத்தான் எடைபோட வேண்டும். அவன் புதிதாக எழுதினான்: 'தண்ணீர் நிச்சயமில்லாததால் தென்னை வைத்தது அப்பாவின் விவேகம், புயல் வந்தது அவர் கையில் இல்லை.' பெற்றோரே, நட்டப்பட்டவரைப் பிள்ளைகள் காதுபடப் 'புத்தி இல்லாதவர்' என்று பேசாதீர்கள். அதைத்தான் அவர்கள் வாக்கியமாக எழுதுகிறார்கள்.

பயத்தையும் விவேகத்தையும் பிரித்துக் காட்டுவது இன்னும் அவசரமானது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு மேலே தெரிவதில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் அவற்றில் சிக்கி இறக்கிறார்கள். உபரிநீர் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆற்றில் இறங்காமல் நிற்கும் பையனைக் கூட்டாளிகள் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். அவன் செய்ததற்குச் சரியான சொல் அவனுக்கும் தெரிய வேண்டும், கூட்டாளிகளுக்கும் தெரிய வேண்டும். 'நீச்சல் தெரிந்தும், பள்ளம் இருக்கும் என்பதால் நான் இறங்கவில்லை' என்று எழுதிப் போட்டு, அதில் பயம் பொருந்துமா விவேகம் பொருந்துமா என்று வகுப்பையே கேளுங்கள். பாடப்புத்தகத்தில் இந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வந்தாலும் சரி, ஆடிப்பெருக்குக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.