பிள்ளையின் போனில் வந்ததை அழித்துவிட வேண்டாம்

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு தாய் மகளின் போனை என் முன்னால் வைத்தார். டியூஷன் வாட்சப் குரூப்பில் அந்தப் பிள்ளையின் முகத்தை வேறொரு படத்தில் ஒட்டி, கீழே வாய்கூசும் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார்களாம். ஆத்திரத்தில் தாய் எல்லாவற்றையும் அழித்து, மகளையும் குரூப்பிலிருந்து விலக்கிவிட்டார். முறைப்பாடு எழுத உட்கார்ந்தால் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

பாடசாலைப் பிள்ளைகள் இணையத்தில் ஒருவரை ஒருவர் நோகடிப்பதற்கென்று இலங்கையில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் செய்த வேலையைப் பொறுத்துச் சட்டம் பாயும். மிரட்டினால் தண்டனைச் சட்டக்கோவை. பாஸ்வேர்டைத் திருடி அடுத்தவரின் கணக்குக்குள் நுழைந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். இணையத்தில் ஆளைக் குறிவைத்துத் துன்புறுத்தினால் 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம்.

படம் என்று வந்தால் நிலைமை இன்னும் பாரதூரமானது. 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை எடுப்பது, பரப்புவது, காட்டுவது எல்லாமே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவில் குற்றம். 2 முதல் 10 வருடம் வரை சிறை. "நான் எடுக்கல்ல, வந்ததைத்தான் அனுப்பினேன்" என்ற பேச்சு எடுபடாது.

சரி, செய்ததும் பிள்ளைதானே? 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். அதன்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், தான் செய்வது விளங்கும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்ப்பார்கள். 14 தாண்டினால் பொறுப்புச் சொல்லியே ஆகவேண்டும். ஓ.எல். (சாதாரண தர) வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். என்றாலும் நேரே மறியலுக்கு அனுப்புவதுதான் வழி என்றில்லை. நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விடவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

முறைப்பாட்டுக்கு 1929ஐ அழைக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்கும் போகலாம். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்தாலும் பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

போகுமுன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பிய நம்பர், திகதி, நேரம், குரூப்பின் பெயர் நான்கும் அதில் தெரியவேண்டும். ஆபாசப் படமென்றால் மட்டும் படியெடுக்கவும் வேண்டாம், சாட்சிக்கென்று யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். போனை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கோயிலிலோ பள்ளிவாசலிலோ வைத்து இணக்கமாக முடிப்போம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வாய்க்கேலி என்றால் அது போதும், பாடசாலையில் பேசியும் தீர்க்கலாம். ஆபாசப் படம் பரவிவிட்டால் இணக்கம் என்ற பேச்சுக்கே நான் உடன்பட மாட்டேன். பெரியவர்கள் கைகுலுக்கிப் போன பிறகும் அந்தப் படம் போன்களில் கிடக்கும்.

அந்தத் தாயின் மகளுக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். அவள் எதையும் அழித்திருக்கவில்லை. அவளுடைய தாயையும் கூப்பிட்டு, அவளின் போனை வைத்துத்தான் முறைப்பாட்டை எழுதினோம்.