ஃபேஸ்புக் கல்லூரி கல்லூரியாக நுழைந்தபோது மாணவர் மனநலம் என்ன ஆயிற்று?

இணைய அடிமைத்தனத்தை அளக்க இன்றும் பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998இல் வெளியிட்ட, 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள். இதில் அதிக மதிப்பெண் பெறும் பல்கலைக்கழக மாணவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தூக்கக் குறைவும் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆனால் இணையம் மனத்தை வாட்டுகிறதா, ஏற்கெனவே வாடிய மனம் இணையத்தில் தஞ்சம் புகுகிறதா என்பதை ஒரே நேரத்தில் நிரப்பி வாங்கிய வினாத்தாள்களைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வரலாற்றுத் தற்செயல் உதவியது. 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபேஸ்புக், அடுத்து கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் என்று படிப்படியாகப் பரவி, 2006 செப்டம்பரில்தான் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் உடல்நல, மனநலக் கணக்கெடுப்பு ஒன்றும் தொடர்ந்து நடந்துவந்தது. பிராகியேரி, லெவி, மகாரின் என்னும் மூன்று பொருளியலாளர்கள் இவ்விரண்டையும் இணைத்து, ஃபேஸ்புக் வந்துவிட்ட கல்லூரிகளில் ஏற்பட்ட மாற்றத்தை, அது இன்னும் வந்துசேராத கல்லூரிகளில் அதே காலத்தில் ஏற்பட்ட மாற்றத்தோடு ஒப்பிட்டார்கள். தம் கல்லூரிக்கு ஃபேஸ்புக் எப்போது வரவேண்டும் என்பதை எந்த மாணவரும் தம் மனநிலையைப் பொறுத்து முடிவு செய்யவில்லை. இந்த ஒப்பீட்டின் வலிமையே அதுதான்.

2022இல் வெளியான முடிவின்படி, ஃபேஸ்புக் வந்தபின் மாணவர் மனநலம் சரிந்தது. சரிவின் அளவு, வேலையை இழப்பதால் மனநலத்துக்கு ஏற்படும் பாதிப்பில் ஏறத்தாழ 22 சதவீதம். மனநலக் குறைவால் படிப்பு கெட்டதாகச் சொன்னவர்களும் பெருகினார்கள்.

இந்த ஆய்வு அடிமைத்தனத்தை நேரடியாக அளக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் அதன் காலகட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நண்பர்களின் செய்திகளைத் தானாகத் திரட்டித் தரும் பக்கம் ஃபேஸ்புக்கில் 2006 செப்டம்பரில்தான் அறிமுகமானது. முதல் ஐஃபோன் வந்ததோ 2007இல். அடுத்து என்ன வருமோ என்ற எதிர்பார்ப்பில் விரலை நகர்த்திக்கொண்டே இருக்கச் செய்யும் வடிவமைப்புதான் தீங்கின் வேர் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வடிவமைப்பு உருவாவதற்கு முன்பே, மேசைக் கணினியின் முன் அமர்ந்து பார்த்த மாணவர்களிடம் பாதிப்பு தொடங்கிவிட்டது என்றால், திரை நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது போதாது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ள கணினி விளையாட்டுக் கோளாறுக்கும் மணிக்கணக்கு அளவுகோல் அன்று. கட்டுப்பாட்டை இழப்பதும், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கு முதலிடம் தருவதும், கேடு விளைந்தும் விடாமல் தொடர்வதுமே அளவுகோல்கள்.

ஆய்வாளர்கள் சுட்டும் காரணம், ஒப்பீடு. கல்லூரி வளாகத்துக்கு வெளியே தங்கியவர்கள், மாணவர் சங்கங்களில் இடம்பெறாதவர்கள், உடல் எடை கூடியவர்கள் என்று பிறரோடு ஒப்பிட்டுத் தம்மைக் குறைவாக நினைக்க வாய்ப்புள்ளவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. மது அருந்துவது பற்றிய பதில்கள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன: மாணவர்கள் உண்மையில் குடித்த அளவு பெரிதாக மாறவில்லை, மற்றவர்கள் மட்டும் முன்பைவிட அதிகம் குடிக்கிறார்கள் என்ற எண்ணம் அவர்களிடையே வளர்ந்திருந்தது.