டிஃப் எண்ணெயில் கந்தகத்துக்கு என்ன வேலை?

"சார், டிஃப்புக்கு 90 போடவா, 140 போடவா?"

படிவம் ஐந்தில் என்னிடம் இரசாயனம் படித்த பையன் சில மாதங்களுக்கு முன் கேட்டது இது. டிஃப் என்றால் டிஃபரன்ஷியல், என்ஜினின் பலத்தை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரக் கூடு. 90, 140 அதில் ஊற்றும் எண்ணெயின் கெட்டியைச் சொல்லும் எண்கள். இப்போது ஈப்போவில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய நிசான் சில்வியா ஒன்றை வாங்கி, வெட்டி வந்த பழைய கார்களின் பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் கிடைத்த கிளட்ச் வகை எல்எஸ்டியை (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலவிடாத டிஃப்) பின்னால் மாட்டியிருக்கிறான். மாதம் ஒருமுறை செபாங் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறான். எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறைக்காரர் "கெட்டியா 140 ஊத்து" என்கிறாராம். எதிர்ப் பட்டறைக்காரர் "90 போதும், ஏன் காசைக் கொட்டுற?" என்கிறாராம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்துவிட்டுப் போ என்கிறார் பாட்டி. எலுமிச்சையோடு எனக்குச் சண்டை இல்லை, அது டிஃப்புக்குள் போகாது. கெட்டியான எண்ணெய்தான் நல்ல எண்ணெய் என்கிற நம்பிக்கையோ உள்ளே போகும்.

வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், அதற்குத்தான் டிஃபரன்ஷியல். உள்சக்கரம் தூக்கிக்கொண்டு சும்மா சுழன்றால் இழுவை வீணாகும், அதைத் தடுக்கத்தான் எல்எஸ்டி. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்த சங்கதி அதற்கு முன்பே, ஷாஃப்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனின் பல், பெரிய வளையச் சக்கரமான கிரவுனின் பல்லைத் தொடும் இடத்தில் இருக்கிறது.

பின்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஹைபாய்ட் கியர். பினியன், கிரவுனின் நடுக்கோட்டுக்கு நேரே நிற்காமல் சற்றுக் கீழே தள்ளி நிற்கும். 1920களில் பேக்கார்ட் கார்களில் வந்த ஏற்பாடு இது. இதனால் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரும் தாழ்ந்தது. ஆனால் பற்களுக்குத் தலைவலி. சப்பாத்திக் கட்டை மாவின் மேல் உருளும், அவ்வளவுதான். அம்மிக் குழவியைப் பாருங்கள்: உருளவும் செய்யும், அழுந்தி இழுபடவும் செய்யும். ஹைபாய்ட் பற்கள் அம்மி வேலை செய்கின்றன, அதுவும் முழு என்ஜினின் பலத்தோடு. அந்த அழுத்தத்தில் நடுவிலிருக்கும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடிவிடுகிறது.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருப்பேன். கண்ணாடி மாதிரி தெரிகிற பல்லின் பரப்பு, நுண்ணளவில் மலைத்தொடர். எண்ணெய் விலகியதும் இரண்டு பக்கத்துச் சிகரங்களும் மோதி உரசுகின்றன. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத அந்த உரசலில், அந்தப் புள்ளியில் மட்டும் வெப்பம் பல நூறு டிகிரிக்கு எகிறும். அப்படியே விட்டால் இரும்பும் இரும்பும் ஒட்டி, பிய்ந்து, பல் போய்விடும். ஆனால் கியர் எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் கரைந்து கிடக்கின்றன. மற்ற நேரமெல்லாம் அவற்றுக்குப் பெரிதாக வேலை கிடையாது. அந்தச் சூட்டில்தான் அவை உடைகின்றன. வெளிவந்த கந்தகம் பக்கத்திலிருக்கும் இரும்பைப் பிடித்து இரும்பு சல்ஃபைடாகிறது. சிகரத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்று படிகிறது. அடுத்த உரசலில் கிழிவது அந்தத் தோல்தான், எஃகு அல்ல. கிழிந்த இடத்தில் மறுபடி சூடு, மறுபடி தோல். பல்லைக் கெடுக்க வந்த வெப்பமே பல்லுக்கு மருந்து போட ஆளைக் கூப்பிடுகிறது! முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-ல் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அந்தப் பாலிலிருந்து வரும் ரப்பரைத் தார் மாதிரி இளகாமலும் விறைக்காமலும் வைத்திருப்பது கந்தகமே என்று 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்திருந்தார். கந்தகத்தோடு சூடாக்கினால் ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. டயரிலும் டிஃப்பிலும் ஒரே தனிமம், இரண்டிலும் சூடு பட்டால்தான் வேலை. பையன் எண்ணெய் டின்னைத் திறந்தபோது, பால் வெட்டி ஓய்வுபெற்ற அவன் பாட்டி மூக்கைச் சுளித்து, "மர இலைக்கு நோய் வந்தா தோட்டத்துல ஒரு பொடி தூவுவாங்களே, அந்த வாடையாட்டம் இருக்கு" என்றாராம். அந்தப் பொடியும் கந்தகம்தான்.

ஆகவே டின்னில் முதலில் பார்க்க வேண்டியது ஜிஎல்-5 என்ற தரக்குறி. ஹைபாய்டுக்கு வேண்டிய கந்தகம், பாஸ்பரஸ் அளவு அதில் இருக்கும். ஜிஎல்-4-இல் ஏறக்குறைய பாதிதான். அதற்காக மிச்சத்தைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். கந்தகத்துக்குச் செம்பு என்றால் கொள்ளை ஆசை, கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரித்துவிடலாம். சாகா, மைவி மாதிரி முன்சக்கரம் இழுக்கும் கார்களில் டிஃப் கியர்பாக்ஸுக்குள்ளேயே குடியிருக்கிறது, எண்ணெயும் ஒன்றே. அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

இரண்டாவது, எல்எஸ்டியின் வகை. கிளட்ச் வகையில் தட்டுகள் ஒன்றையொன்று பிடித்து விட்டு, பிடித்து விட்டுத் திரும்பினால், சிமெண்டுத் தரையில் நாற்காலியை இழுத்த மாதிரி 'கடகட'வென்று உதறும். இதற்குத்தான் எண்ணெயில் உராய்வு மாற்றிகள் சேர்க்கிறார்கள். அந்த மூலக்கூறின் தலை எஃகைக் கவ்விக்கொள்ள, நீண்ட வால் லாலாங் புல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தட்டுகள் புல்மேல் வழுக்கும். புல் அதிகமானால் தட்டு பிடிக்கவே பிடிக்காது, போட்ட எல்எஸ்டி வீண். பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது இதனால்தான். டோர்சென் போன்ற பற்சக்கர வகையில் தட்டே இல்லை, அதற்குச் சாதாரண ஜிஎல்-5 போதும்.

எண்ணுக்கு இப்போது வருவோம். டின்னில் 90-க்கு முன்னால் வரும் 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரியில் எண்ணெய் எப்படி இருக்கும் என்ற கணக்கு. கேமரன் மலை உச்சியிலும் நமக்கு அது தேவைப்படாது. 90, 140 இரண்டும் 100 டிகிரியில் அளந்தவை. கியர் எண்ணெயின் 90, என்ஜின் எண்ணெயின் 40-க்கும் 50-க்கும் பக்கத்தில் வரும் கெட்டிதான். அளவுகோல் வேறு, பயப்பட ஒன்றுமில்லை. கெட்டி கூடினால் படலம் தடிக்கும், ஆனால் கிரவுன் அதைக் கடைந்து கடைந்தே சூடேற்றும். எவ்வளவு சூடாகிறது என்று தெரியாமல் 140 வாங்குவது, காய்ச்சல் பார்க்காமல் மாத்திரை விழுங்குவது. டிஃப் கூட்டின் மேல் வெப்ப ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டச் சொன்னேன். 120-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் 140-க்குப் போகலாம். அப்போதும் அடிக்கடி மாற்ற வேண்டும், பத்து டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் சுமார் இரு மடங்காகும்.

இடையில் ஒரு புலம்பல். செம்பனை எண்ணெயிலிருந்து மசகுக்கான எஸ்டர் செய்யும் ஆராய்ச்சி நம் பல்கலைக்கழகங்களில் நடந்திருக்கிறது. உலகின் இரண்டாவது பெரிய செம்பனை நாடு நாம். ஆனால் பையன் அலமாரியில் இருப்பதெல்லாம் கப்பலில் வந்த டின்கள். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சம், ஆய்வுக்கூடத்திலிருந்து பட்டறை வரைக்கும் வரும் வழிக்கும் கொடுத்திருக்கலாம்.

கடைசியில் எல்எஸ்டி செய்தவர்கள் சொன்ன 90-ஐயே ஊற்றினான். முதலில் நிரப்பும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் மூடியில் கை வைக்க வேண்டும் என்றேன். வடித்த பிறகு மேல்மூடி துருவில் இறுகியிருந்தால் கார் அங்கேயே நிற்கும். பிறகு பாசார் மாலாம் நடக்கும் திடலில், சந்தை இல்லாத காலையில், தட்டுகள் பதமாக மெதுவாக எட்டுப் போட்டான். அந்த எண்ணெயை வடித்தபோது காந்த மூடியின் முனையில் சாம்பல் பசை. விரலில் தேய்த்தால் மாவு மாதிரி, நெருடல் இல்லை. "இதுவரைக்கும் சரி. செதில் வந்தா போன் போடு" என்றேன். இரண்டு முறை செபாங் போய் வந்துவிட்டான், போன் வரவில்லை.