மலையக வீட்டுத்தோட்டம்: உரம் போட முன் மண்ணைப் பாருங்கள்

தக்காளியின் கீழ் இலை மஞ்சளாகிவிட்டால் நம் ஊர்களில் உடனே வரும் கேள்வி, "என்ன உரம் போடலாம்?" என்பதுதான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் வீட்டுத்தோட்டம் கெடுவதற்கு உரக்குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். புளிப்பு மண், வடியாத தண்ணீர், போதாத வெயில் என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிபார்க்காமல் யூரியாவைத் தூவினால் செடி இரண்டு வாரம் கரும்பச்சையாக நின்று ஆசை காட்டும். அந்தக் கொழுத்த இளந்தளிரைத்தான் அடுத்த மழையில் நோய் முதலில் பிடிக்கும்.

டவுனில் இருப்பவர்கள் செடி வளர்க்கும் சாக்கை நிரப்ப மண் எடுப்பது அநேகமாகத் தேயிலை மலை ஓரத்தில். தேயிலைக்குப் பிடித்தது 4.5 முதல் 5.5 வரையான பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) உள்ள புளிப்பு மண். மரக்கறிக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். மண் புளித்திருந்தால் அதிலுள்ள பொஸ்பரஸ் அலுமினியத்தோடும் இரும்போடும் ஒட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. நாற்று குன்றி நிற்கும், வேர் குட்டையாகித் தடிக்கும். பிஎச் பார்க்கக் கருவி இல்லாதவர்கள் பக்கத்து வேலியில் இருக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்க்கலாம். பூ நல்ல நீலமாக இருந்தால் அந்த மண் புளிப்பு. ரோஸ் நிறமாக இருந்தால் புளிப்புக் குறைவு. (வெள்ளைப் பூ வகை நிறம் மாறாது, அதை நம்ப வேண்டாம்.)

புளிப்பை முறிக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் போதும். 100 சதுர அடிப் பாத்திக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, 20 லீற்றர் மண் பிடிக்கும் சாக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி. மேலாகத் தூவிவிட்டுப் போகாமல், ஒரு சாண் ஆழத்துக்கு மண் கிளறும் முள்ளுப் போட்டுக் கலந்து, ஈரம் காயாமல் இரண்டு மூன்று வாரம் விட்ட பிறகே நட வேண்டும். அதே நாளில் யூரியாவோ கோழி எருவோ சேர்த்தால் நைதரசன் ஆவியாகப் போய்விடும், காசும் போய்விடும். உருளைக்கிழங்கு வைக்கும் பாத்திக்கு மட்டும் டொலமைட்டை அள்ளிக் கொட்டாதீர்கள். புளிப்புக் குறைந்தால் கிழங்குத் தோலில் சொறி வரும்.

கோழி எருவைப் பச்சையாகப் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. சூடும் அமோனியாவும் வேரைக் கருக்கிவிடும். குவித்து, மழை படாமல் பொலித்தீனால் மூடி, வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். பண்டாரவளைச் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மாதம், நுவரெலியாக் குளிரில் மூன்று மாதமும் ஆகலாம். கையை உள்ளே விட்டால் சூடு தெரியக்கூடாது, மண் வாசம் வர வேண்டும்.

சாக்குக்கு மேல்மண் இரண்டு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. தும்புத்தூள் பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான வரட்சியிலும் காற்றிலும் உதவும். அதே மாதங்களில் ஹட்டனில் தூறல் விடாது, தும்புத்தூள் போட்ட சாக்கு சேறாகி வேர் அழுகும். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஆறேழு துளை போட்டு, சாக்கைச் செங்கல் மேல் வையுங்கள். நனைந்த மண்ணோடு ஒரு சாக்கு 30 கிலோவுக்குக் குறையாது, இருபது சாக்கு என்றால் 600 கிலோ. மாடியில் வைப்பதென்றால் கொங்கிரீட் தட்டின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டில் அடுக்க வேண்டும்.

தக்காளிக்கு உண்மையான எதிரி பின்கருகல் நோய். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். உருளைக்கிழங்கையும் பிடிப்பது இதே நோய் என்பதால் இரண்டையும் அருகருகே நடக்கூடாது. முதலில் இலையில் வெந்நீர் பட்டதுபோல ஒரு கரும்பச்சைத் திட்டு. காலையில் பனி காய முன் இலையைத் திருப்பினால், திட்டின் ஓரத்தில் மாத்தூவியதுபோல வெள்ளைப் பூஞ்சணம் தெரியும். அடுத்துத் தண்டு கறுக்கும், காயில் கபிலநிறத் தழும்பு விழும், ஒரு வாரத்தில் செடி முடிந்துவிடும். இதற்கு மருந்தைவிடக் கூரை நல்லது: நாலு முட்டுக்கோல், மேலே சரிவாக ஒரு பொலித்தீன், பக்கங்கள் திறந்தபடி. செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி, நிலத்திலிருந்து ஓரடி வரை இலை கிள்ளல், தண்ணீர் காலையில் அடியில் மட்டும். மாலையில் பீலித் தண்ணீரைக் குழாயால் மேலே பீய்ச்சுவது நோயை வரவேற்று உட்காரவைப்பதுதான். மன்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி நோய் வர முன் காக்கும், வந்ததைத் திருப்பாது. சோடாப் போத்தலில் ஊற்றி விற்கும் பெயரில்லாத மருந்தை வாங்கவே வேண்டாம். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கோவா, நோக்கோல், ராபு நடுபவர்கள் வேரைக் கவனிக்க வேண்டும். மதியம் வாடி மாலையில் நிமிரும் கோவாவைப் பிடுங்கினால் வேர் இஞ்சிபோல வீங்கியிருக்கும். அது கிளப் ரூட் என்ற வேர் நோய். அதன் வித்திகள் மண்ணில் பல வருடம் கிடக்கும். புளிப்பு மண்ணும் ஈரமும் அதற்குச் சொர்க்கம். வெளியில் வாங்கும் நாற்றோடும், சப்பாத்தில் ஒட்டும் மண்ணோடும் வந்துசேரும். பிடித்த வேரைக் கொம்போஸ்ட் குழியில் போடாமல் காய வைத்து எரியுங்கள். அந்த இடத்தில் சில வருடங்களுக்கு போஞ்சி, லீக்ஸ், கரட் மட்டும்.

வெயில் மூன்று மணித்தியாலம்தான் விழும் முற்றத்தில் தக்காளி வேண்டாம். சலாது, புதினா, வெங்காயத்தாள் நன்றாக வரும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளுத்த இரவுகளில் உறைபனி விழும். மாலையில் குச்சி நட்டு இலையில் படாமல் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். சாடியின் கீழ்த்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை ஊற்றித் தேயுங்கள். டெங்கு நுளம்பு பெருக அந்தத் தண்ணீரே போதும்.

கடைசியாக, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்திட்டு. பாத்திக்கு இடம் வேண்டும் என்று அதன் அடியைச் சீவாதீர்கள், கானை அடைக்காதீர்கள், திட்டின் மேல் தண்ணீர்த் தாங்கி வைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களையே மூடிய மண்சரிவை நம் ஊரார் யாரும் மறக்கவில்லை. மழை நாட்களில் நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று ஊறிவரும் கலங்கல் தண்ணீர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பாத்தியைப் பார்க்கப் போகாமல், வீட்டிலுள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறி, கிராம சேவையாளருக்குச் சொல்லுங்கள்.