பிரிஸ்மா படம் போட்டுவிட்டால் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஆகிவிடாது

இந்த மாதமும் ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. தலைப்பிலேயே 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ', அதாவது ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முன்பே வகுத்த முறைப்படி தேடித் தொகுத்த கட்டுரையாம். உள்ளே போனால், பப்மெட்டிலும் கூகுள் ஸ்காலரிலும் தேடினோம் என்று ஒரே ஒரு வரி. என்ன சொற்களைப் போட்டார்கள், எந்தத் தேதியில் தேடினார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று எதுவுமே இல்லை. ஆனால் எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனை தள்ளப்பட்டது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் பிரிஸ்மா படம் மட்டும் இருந்தது. 412 கட்டுரைகளில் இரண்டு முறை வந்த 97 போக 340 மிச்சமாம்! கழித்துப் பார்த்தால் 315தான் வருகிறது.

"நிறையக் கட்டுரை படித்தால் அது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ" என்று மாணவர்களின் ஆய்வு வழிகாட்டிகளே சொல்லி அனுப்புகிறார்கள். இல்லவே இல்லை. ஐந்நூறு கட்டுரை படித்து எழுதினாலும் அது துறையில் வந்தவற்றைப் பொதுவாகத் தொகுத்துச் சொல்லும் லிட்டரேச்சர் ரிவ்யூவாகவே இருக்கலாம். எட்டே ஆய்வுகளை வைத்து அருமையான சிஸ்டமேட்டிக் ரிவ்யூ வரலாம். தகுதியான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று முடிகிற ரிவ்யூக்களே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பில் உண்டு. எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு, எந்த வகை ஆய்வு உள்ளே, எது வெளியே என்பதையெல்லாம் தேடுவதற்கு முன்பே எழுதி வைத்தீர்களா என்பதுதான் கேள்வி. நமக்குப் பிடித்த முடிவு வந்த கட்டுரையைச் சேர்த்து, பிடிக்காததை நைசாக விட்டுவிடாமல் இருக்கத்தான் இத்தனை பாடும்.

பிரிஸ்மா என்பது செய்த வேலையை எப்படி எழுதிக் காட்டுவது என்பதற்கான 27 அம்சப் பட்டியல். செய்யாத வேலையை அது செய்து தராது.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் குறைமாதப் பிரசவ அபாயத்தில் இருந்த தாய்மாருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் குறைவதைக் காட்டினார்கள். பின்னால் வந்த சோதனைகள் பல சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் சிலவற்றில் பலன் உறுதியாகத் தெரியவில்லை. தேடி எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ரிவ்யூ 1990இல் வந்தபோது, குழந்தை இறப்பு குறைவது தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சின் குழு அந்த ஊசியைப் பரிந்துரைத்தது 1994இல்தான். இடைப்பட்ட காலத்தில் அந்த ஊசி கிடைக்காமல் போன குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். காக்ரேன் சின்னத்தில் இருக்கும் கிடைக்கோடுகள் இந்தச் சோதனைகளின் முடிவுகளே.

அதற்காக லிட்டரேச்சர் ரிவ்யூ மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். தீசிஸின் இரண்டாம் அத்தியாயத்துக்கு அதுதான் வேண்டும். ஒரு கருத்து எப்படி வளர்ந்தது, எங்கே இடைவெளி இருக்கிறது என்று துறையில் ஊறியவர் எழுதினால் அதன் மதிப்பே தனி. அதற்கு அதன் பெயரையே வையுங்கள்.

சிஸ்டமேட்டிக் ரிவ்யூதான் செய்வேன் என்றால், சரி. தனியாளாக இறங்காதீர்கள், கட்டுரைகளைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று இரண்டு பேர் தனித்தனியாக முடிவு செய்து, பிறகு ஒப்பிட வேண்டும். நெறிமுறையை முதலிலேயே, இதற்கென்றே உள்ள இணையப் பதிவேடான பிராஸ்பெரோவில் பதியுங்கள். தரவு எடுக்க ஆரம்பித்துவிட்டு அங்கே போகாதீர்கள். தேடல் சொற்களை அமைக்கக் கல்லூரி நூலகரிடம் உதவி கேளுங்கள், அவர்களைவிட அது தெரிந்தவர் யாரும் இல்லை. சேர்த்த ஒவ்வொரு ஆய்விலும் ஒருசார்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், அவற்றின் எண்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸை வலிந்து திணிக்காதீர்கள், அது கட்டாயமும் இல்லை.

வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். தீசிஸ் கொடுக்க மூன்றே மாதம் இருக்கும் மாணவரிடம் தயவுசெய்து இந்த வேலையைத் தராதீர்கள்.