கட்டி கரையவில்லை, நோய் போய்விட்டது

கீமோ எல்லாம் முடிந்து சி.டி. ரிப்போர்ட்டைப் பிரித்தால், 'நெஞ்சின் நடுவே 4 சென்டிமீட்டர் கட்டி' என்றிருக்கும். வீட்டில் எல்லார் முகமும் வாடிவிடும். நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோயான ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இது சகஜம். அந்தக் கட்டியில் புற்றுசெல்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான்; மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றிக் கூடிய வேறு செல்களும் நார்த்திசுவும். மருந்து புற்றுசெல்லைக் கொன்றுவிடும், நார் அப்படியே கிடக்கும். சி.டி. அளவைத்தான் சொல்லும், கிடப்பது தழும்பா, உயிருள்ள கட்டியா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது.

அதைப் பிரித்துக் காட்ட உதவும் பெட் ஸ்கேன் பார்ப்பது செல்களின் பசியை. ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டிய குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவார்கள். சர்க்கரைக்கு அலையும் செல் அதை விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் அந்த இடம் படத்தில் ஒளிரும். 110 நிமிடத்துக்கொரு முறை கதிரியக்கம் பாதியாகிவிடும் என்பதால் இந்த மருந்தை வாங்கி அடுக்கிவைக்க முடியாது. காலையிலிருந்து சாப்பிடாமல் வந்தவரை ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் பேசாமல் படுக்கச் சொல்வார்கள். பேசினால் தொண்டைத் தசைகள் ஒளிரும். ஏசி குளிரில் நடுங்கினால் கழுத்தோரக் கொழுப்பும் ஒளிரும். போர்வை தருவது வெறும் உபசாரமல்ல!

எவ்வளவு ஒளிர்ந்தால் ஆபத்து? இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும். 2009-இல் பிரான்சின் தோவில் நகரில் கூடிய நிபுணர்கள் இதற்கொரு எளிய வழி கண்டார்கள்: அதே நோயாளியின் கல்லீரலையே அளவுகோலாக்கு. கட்டியின் ஒளி கல்லீரலைத் தாண்டாவிட்டால் 1 முதல் 3 வரை மதிப்பெண். பொதுவாக நல்ல செய்தி. கொஞ்சம் தாண்டினால் 4. வெகுவாகத் தாண்டினாலோ புது இடத்தில் நோய் முளைத்தாலோ 5.

இங்கேயும் ஒரு வில்லங்கம் உண்டு. இளவயதினருக்கு மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி கீமோவில் சுருங்கி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மறுபடி வளரும், சிலருக்கு முன்னைவிடப் பெரிதாகவே. பழைய கட்டி இருந்த அதே பகுதி. சர்க்கரையும் தின்னும், ஒளிரும். 'திரும்பி வந்துவிட்டது' என்று பதறவைக்க இது போதும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் ஒளியின் வடிவத்தைப் பார்ப்பார்: சுரப்பியின் இரு மடல்களிலும் ஒரே சீராகப் பரவியிருந்தால், திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி ஊசியை எடுக்குமுன் சில வாரம் பொறுத்து இன்னொரு படம் எடுக்கச் சொல்வார்.