சுருதிப் பெட்டி காட்டிக் கொடுத்துவிடும்

வீட்டிலேயே பதிவு செய்து எனக்கு மிக்ஸிங்குக்கும் மாஸ்டரிங்குக்கும் வரும் கர்நாடக உருப்படிகளிலும் பக்திப் பாடல்களிலும் ஒரு குறையை அடிக்கடி பார்க்கிறேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் பின்னால் ஓடும் தம்பூரா சட்டென்று அமுங்குகிறது, பிறகு மெல்ல மேலே வருகிறது. அடுத்த அடிக்கு மறுபடியும் அமுங்குகிறது. யாரோ வால்யூம் குமிழைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பது போலக் கேட்கும். என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால், “மாஸ்டர் ட்ராக்கில் ஒரு கம்ப்ரஸர் மட்டும்தான் சார் போட்டேன், அதுவும் ப்ரீசெட்தான்” என்பார்கள். கம்ப்ரஸர் என்பது உரத்த ஒலியைத் தானாகவே அமுக்கும் கருவி.

டிரம்ஸும் கிதாரும் நிறைந்த பாட்டில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும். நடன இசைக்காரர்கள் வேண்டுமென்றே அதைச் செய்து ரசிக்கிறார்கள், அதில் தவறில்லை. நம் இசையில் ஒரு சுருதி பாட்டு முழுக்க அசையாமல் நிற்கிறது. அசையாமல் நிற்க வேண்டிய ஒன்று அரை டெசிபல், ஒரு டெசிபல் ஆடினால்கூடப் பழகிய காது கண்டுபிடித்துவிடும். அதனால் மிக்ஸில் கம்ப்ரஷன் அளவு மீறியதா என்று பார்க்க நான் மீட்டருக்கு முன் தம்பூராவைத்தான் கேட்பேன்.

கணக்கு எளிது. கம்ப்ரஸர் அமுக்கத் தொடங்கும் எல்லையான த்ரெஷோல்டை மைனஸ் 20 டெசிபலில் வைத்து, எத்தனைக்கு ஒன்றாக அமுக்க வேண்டும் என்ற ரேஷியோவை 4:1 கொடுத்திருக்கிறீர்கள். மைனஸ் 8-இல் ஒரு அடி வருகிறது. எல்லையை 12 டெசிபல் தாண்டியது, ஆனால் வெளியே வரும்போது 3 டெசிபல்தான் தாண்டியிருக்கும். அதாவது அந்தக் கணத்தில் 9 டெசிபல் குறைக்கப்பட்டது. அந்த 9 டெசிபல் மிருதங்கத்துக்கு மட்டும் குறையவில்லை என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. மாஸ்டர் ட்ராக் வழியே போகும் குரல், வயலின், தம்பூரா எல்லாமே அதோடு சேர்ந்து இறங்குகின்றன.

அடுத்தது மேக்கப் கெய்ன். குறைத்ததை ஈடுகட்ட 6 டெசிபல் ஏற்றுகிறீர்கள் என்றால், த்ரெஷோல்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் அப்படியே 6 டெசிபல் மேலே வரும். மூச்சிழுக்கும் ஓசை, பக்கத்து அறை ஃபிரிட்ஜின் உறுமல், தெருமுனையில் திரும்பும் ஆட்டோ எல்லாம் அதில் அடக்கம். மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பாடி முடித்தவர், அந்தத் தியாகத்தையெல்லாம் ஒரு குமிழைத் திருப்பி வீணாக்கிவிடுகிறார்.

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. சத்தம் கூடினாலே பாட்டு நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். மெல்லிய ஒலியில் காதுக்குத் தாழ்ந்த ஒலிகளும் கூரிய ஒலிகளும் குறைவாகவே எட்டும், ஒலி கூடும்போது இரண்டும் நிரம்பி வரும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே கம்ப்ரஸரை ஆன், ஆஃப் செய்து ஒப்பிடுவதற்கு முன், இரண்டு நிலையிலும் சத்தம் சமமாக இருக்கும்படி மேக்கப் கெய்னைச் சரிசெய்யுங்கள். சமமாக வைத்துக் கேட்டபின் “ஆஃப் செய்ததே மேல்” என்று தோன்றினால் கழற்றிவிடுங்கள். பல நேரம் அப்படித்தான் தோன்றும்.

குரலுக்கு வருவோம். மந்தரத்தில் முணுமுணுத்துவிட்டு அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தில் நிற்கும் குரலை ஒரே கம்ப்ரஸர் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். முதலில் கையால் செய்ய வேண்டும். ட்ராக்கைப் பார்த்து, உரத்த சங்கதிகளை 2, 3 டெசிபல் இறக்குங்கள், சொல் அமுங்கிய இடங்களைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் கம்ப்ரஸரில் ரேஷியோ 2:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 15 முதல் 30 மில்லிநொடி, ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) 100 மில்லிநொடியை ஒட்டி. உரத்த இடத்தில் குறைப்பைக் காட்டும் முள் 2, 3 டெசிபலுக்கு மேல் இறங்காதபடி த்ரெஷோல்டை வையுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதையே 6 டெசிபல் அழுத்தச் சொல்லாமல், வேறு குணமுள்ள இரண்டாவது கம்ப்ரஸரைப் பின்னால் வைத்து அதிலும் 2 டெசிபல் எடுங்கள்.

அட்டாக்கை ஏன் இவ்வளவு மெதுவாக வைக்கச் சொல்கிறேன் என்றால், தமிழ்ப் பாட்டின் சாகித்யம் வல்லினத்தில் நிற்கிறது. ‘கற்பகமே’ என்று பாடும்போது அந்தக் க-வும் ற்ப-வும் தொடங்கும் சில மில்லிநொடிகளில்தான் சொல்லின் தெளிவு இருக்கிறது. அட்டாக் 1 மில்லிநொடி என்றால் கம்ப்ரஸர் அந்த முனையை மழுக்கிவிடும், சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது போலிருக்கும். ஸ, ஷ ஒலிகளின் கதை நேர் எதிர். அவை பெரும்பாலும் த்ரெஷோல்டைத் தொடுவதே இல்லை, ஆனால் மேக்கப் கெய்னில் மட்டும் ஏறிவிடும். ‘ஸரஸ்வதி’ என்று பாடினால் சீறல்தான் மிஞ்சும். சீறலை மட்டும் அமுக்கும் டீ-எஸ்ஸர் கொஞ்சம் உதவும், அதையும் கூட்டினால் பாடியவருக்கு நாக்குக் குழறியது போலாகிவிடும்.

பழைய கருவிகளின் ப்ளக்-இன் நகல்களைப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்த 1176 கம்ப்ரஸரின் அட்டாக் குமிழ் தலைகீழாக வேலை செய்யும். 7 என்றால் மிக வேகம், 1 என்றால் மெதுவு. அந்த மெதுவே 0.8 மில்லிநொடிதான்! மேலே சொன்ன 15 மில்லிநொடிக்கு அது எந்தக் காலத்திலும் வராது. சாந்தமான குரலுக்கு எல்ஏ-2ஏ கம்ப்ரஸர் வகையைத்தான் நான் எடுப்பேன். அதில் அட்டாக், ரிலீஸ் குமிழே கிடையாது. பிடித்ததில் பாதியை ஏறத்தாழ 60 மில்லிநொடியில் விட்டுவிட்டு, மீதியைச் சில நொடிகளில் மெதுவாக விடும். நீண்ட கார்வைகளுக்கு அது இதமாக இருக்கிறது. வேகமான பிருகாக்களுக்கு மட்டும் கொஞ்சம் சோம்பேறி.

இனி தம்பூரா ஆடும் பிரச்சினை. அதைச் சரிசெய்ய முதல் வழி, தம்பூராவை மற்ற ட்ராக்குகளோடு சேர்த்து கம்ப்ரஸருக்குள் அனுப்பாமல் இருப்பது. குரலும் பக்கவாத்தியங்களும் கம்ப்ரஸர் உள்ள ஒரு பஸ்ஸில் (பல ட்ராக்குகள் சேரும் வழி) போகட்டும், சுருதி தனி வழியில் நேராக மாஸ்டருக்குப் போகட்டும். இரண்டாவது, கம்ப்ரஸரின் கண்டறியும் பகுதியில் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் போடுவது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரியாகாம்ப் கம்ப்ரஸரிலேயே இந்த வசதி இருக்கிறது. 120 ஹெர்ட்ஸை ஒட்டி வைத்தால் தொப்பியின் கும்கிக்காகக் கம்ப்ரஸர் துள்ளாது. ஒலியில் எதுவும் வெட்டுப்படாது, கம்ப்ரஸர் எதைக் கேட்டு முடிவெடுக்கிறது என்பது மட்டுமே மாறும். மூன்றாவது வழி யாருக்கும் பிடிப்பதில்லை: மிருதங்கத்தின் ஃபேடரை 2 டெசிபல் இறக்குவது. வலந்தலைச் சாப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று, உச்சங்களை ஒரு வரம்பில் நிறுத்தும் லிமிட்டரைத் தேடுபவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

இதெல்லாம் சுருதி தனி ட்ராக்கில் இருந்தால்தான் நடக்கும். செல்போன் ஆப்பில் சுருதியை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதே அறையில் பாடினால், அது குரல் மைக்கிலேயே கலந்துவிடும், பிறகு குரலைத் தொட்டால் சுருதியும் ஆடும். ஹெட்போனில் சுருதி கேட்டுப் பாடுங்கள், மிக்ஸில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். செல்போன் மைக்கிலேயே பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல ஆப்கள் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். அமைப்புகளில் அதை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் கைக்கு வருவதே ஏற்கெனவே அழுத்தப்பட்ட ஒலிதான்.

கடைசியில் லிமிட்டர். “அந்தச் சேனலில் சத்தமா இருக்கு, என் பாட்டு மட்டும் ஏன் சார் மெதுவா இருக்கு?” என்று கேட்காதவர் இல்லை. யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (பாட்டின் சராசரிச் சத்தத்தைச் சொல்லும் அலகு) அளவுக்கு மேலிருப்பதை இறக்கிவிடுகிறது. மைனஸ் 8-க்கு நசுக்கி ஏற்றினால் 6 டெசிபல் இறக்கப்பட்டு, கேட்பவருக்கு அடுத்தவர் பாட்டின் அளவிலேயே போய்ச் சேரும். கம்ப்யூட்டரில் வீடியோ மேல் வலது க்ளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால், எத்தனை டெசிபல் இறக்கினார்கள் என்று அவர்களே காட்டுகிறார்கள். சத்தம் போய்விடும், நசுங்கிய மிருதங்கம் மட்டும் அப்படியே நிற்கும்.

நான் கச்சேரி வகைப் பாட்டை மைனஸ் 16-க்கும் 14-க்கும் நடுவில் விடுகிறேன். லிமிட்டரின் உச்சவரம்பு ட்ரூ பீக்கில் (ஒலியின் உண்மையான உச்ச அளவு) மைனஸ் 1. ஏஏசி போன்ற வடிவத்துக்கு மாற்றும்போது உச்சங்கள் கொஞ்சம் தாண்டும் என்பதால் அந்த இடைவெளி தேவை. லிமிட்டர் எப்போதாவது வரும் ஒரு முத்தாய்ப்பில் 2 டெசிபல் பிடித்தால் போதும். அதன் முள் பாட்டு முழுக்க ஆடிக்கொண்டிருந்தால், மிக்ஸுக்குத் திரும்பிப் போய் ஃபேடர்களைப் பாருங்கள். எல்.யு.எஃப்.எஸ். பார்க்க யூலீனின் இலவச மீட்டர் போதும்.

வேறொருவரிடம் மாஸ்டரிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால் மாஸ்டர் ட்ராக்கில் இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டு, உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் 24 பிட் வேவ் ஆக எடுத்துக் கொடுங்கள். நீங்கள் லிமிட்டர் போட்டுக் கேட்டு ரசித்த பதிப்பையும் தனியாக ஒரு எம்பி3-யாக உடன் வையுங்கள். உங்கள் மனதில் என்ன ஒலி இருக்கிறது என்று அதைக் கேட்டால்தான் எங்களுக்குப் புரியும்.